பழையனூர் வழக்கு

ஆரணியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆரணி என்றதும் பட்டுச் சேலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்கு அடுத்தாற்போல், ஆரணியாற்றங்கரையில் இருக்கும் ஆரணி. "ஆவி உலகம் நமக்கு மிக அருகே வந்துவிடும் இடங்கள் என்று மேல்நாட்டார் சிலவற்றைச் சொல்கிறார்கள். நம் பக்கத்தில் அப்படி ஏதேனும் உண்டா? உண்டென்றால் நம் எழுத்தாளர்கள் ஏன் அவற்றை விட்டுவிட்டு, எங்கேயோ மலைமேல் பங்களா கட்டிப் பேயைக் குடிவைக்கிறார்கள்?" என்று கேட்கிறார். இரண்டாவது கேள்வியில் ஒரு குட்டு இருக்கிறது. எழுத்தாளர்களுக்கு வேண்டிய குட்டுத்தான்.

மேல்நாட்டார் சொல்வது எனக்கும் தெரிந்ததுதான். ஸ்காட்லாந்தின் மேற்கே அயோனா என்று ஒரு சிறு தீவு. 1938-இல் அங்கே ஒரு சமய சமூகத்தை நிறுவிய ஜார்ஜ் மக்லியோட் என்ற பாதிரியார், இவ்வுலகுக்கும் அவ்வுலகுக்கும் நடுவே உள்ள திரை அங்கே மிகவும் மெல்லியது என்ற கருத்தில் பேசுவாராம். அழகான எண்ணந்தான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். திரை மெலிந்தால் மட்டும் போதுமா? அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு நம்மோடு பேச ஏதாவது விஷயம் இருக்க வேண்டாமா?

நண்பருடைய ஊர் ஆறு கிழக்கே ஓடிப் பழவேற்காட்டில் உப்பு நீரோடு கலக்கிறது. அங்கே டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. வாயிலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் வியாபாரத்துக்கு வந்து, ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு, இந்த மண்ணிலேயே மடிந்தவர்கள் உள்ளே உறங்குகிறார்கள். பார்க்க வேண்டிய இடம், சிற்பவேலையும் நேர்த்தியானது. ஆனால் அந்த எலும்புக்கூடுகள் யாரையும் பயமுறுத்துவதற்காக நிற்கவில்லை. 'நீயும் ஒருநாள் இப்படித்தான்' என்று பிரசங்கம் செய்கின்றன. பிரசங்கம் கேட்டு யாருக்கும் இரவில் தூக்கம் கெடுவதில்லை. அவற்றுக்குப் பெயரில்லை, குறையில்லை, நம்மிடம் கேட்க வேண்டியது ஒன்றுமில்லை. பெரியபாளையத்தில் ஆடி மாதம் வேப்பிலை உடுத்திப் பவானியம்மனை வலம் வருகிறவர்களிடம் கேட்டால், தெய்வம் பக்கத்தில் நிற்பதாகவே சொல்வார்கள். அது பக்தியின் அருகாமை. வாசகர் கேட்டது அதுவல்ல.

அவர் கேட்ட இடம் அவர் மாவட்டத்திலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில் திருவாலங்காடு என்று ஒரு நிலையம் வரும். அந்த ஊரும் அதை ஒட்டிய பழையனூரும்தான் என் கணக்கில் தமிழ் இலக்கியத்திலேயே ஆவி உலகத்துக்கு மிக நெருங்கிய நிலம். இதைச் சுடுகாட்டு இருளை வைத்துச் சொல்லவில்லை. அங்கே எழுதப்பட்டவற்றை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் காரைக்காலம்மையார். தம்மைக் காரைக்காற்பேய் என்றே பாட்டில் முத்திரை வைத்துக்கொண்டவர். அவருடைய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களைப் பக்தர்கள் படிக்கிறார்கள். கதை எழுதுகிறவர்கள் படிப்பதாகத் தெரியவில்லை. படித்தால் வெட்கப்படுவார்கள். வற்றிய மார்பும் குழிந்த கண்ணும் புடைத்த நரம்புமாக ஒரு பெண்பேயை அம்மையார் காட்டுகிறார். அதோடு நின்றிருந்தால் அது வெறும் பூச்சாண்டி. அவர் மேலே போகிறார். கள்ளிக் கவட்டில் காலை நீட்டிக்கொண்டு, எரிந்து தீர்ந்த கொள்ளியை எடுத்து மசித்து, அந்தப் பேய் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது! பிறகு பிணத்தீ சுட்டுவிட, கோபம் வந்து மண்ணை அள்ளிப் போட்டுத் தீயை அணைக்கிறது. இன்னொரு பாட்டில் ஒரு தாய்ப்பேய் தன் குழந்தைக்குக் காளி என்று பெயர் வைத்து, புழுதி துடைத்து, பால் கொடுத்துவிட்டு எங்கோ போய்விடுகிறது. தாயைக் காணாத குழந்தை அழுது அழுது அப்படியே தூங்கிப்போகிறது.

இந்தக் குழந்தையைத் தாண்டி என்னால் சுலபமாக மேலே படிக்க முடிவதில்லை. நம் வீட்டுத் திண்ணையில் தினமும் நடப்பதல்லவா இது? சுடுகாட்டில் குடும்பம் நடக்கிறது என்று காட்டிவிட்ட பிறகு, இருட்டும் நரியும் ஆந்தையும் எதற்கு? அம்மையார் அவற்றையும் விடவில்லை; ஆனால் நெஞ்சில் நிற்பது மையும் பாலுந்தான்.

அம்மையார் அந்த ஊருக்குள் காலால் நடக்காமல் தலையால் நடந்து வந்தார் என்கிறார் சேக்கிழார். அதனாலேயே பிற்பாடு வந்த ஞானசம்பந்தர் அங்கே கால்வைக்கத் தயங்கி அருகிலேயே தங்கிவிட்டாராம். கனவில் இறைவன் வந்து, 'எம்மைப் பாட மறந்தாயோ' என்ற பொருளில் கேட்க, எழுந்து பதிகம் பாடினாராம். எல்லையில் நின்று யோசிக்கும் அந்தத் தயக்கம் ஒரு நாவலாசிரியனுக்குப் பெரிய பாடம். நம் கதாநாயகர்கள் டார்ச் விளக்கோடு நேரே உள்ளே நுழைந்துவிடுகிறார்கள்.

சம்பந்தர் பாடிய பதிகத்தின் முதற் பாட்டிலேயே பழையனூர் நீலியைப் பற்றிய குறிப்பு வந்துவிடுகிறது. கதை வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். வடிவத்துக்கு வடிவம் பெயர்கள் மாறும், எலும்பு ஒன்றுதான். மனைவியைக் கொன்றவன் மறுபிறவியில் வணிகனாகப் பழையனூருக்கு வருகிறான். கொல்லப்பட்டவள் நீலி என்ற பேயாக, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறாள். 'இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுப் போகிறார்' என்று ஊர் வேளாளர் எழுபது பேரிடம் முறையிடுகிறாள். குழந்தையும் அவனை அப்பா என்று ஒட்டிக்கொள்கிறது. 'உன் உயிருக்கு நாங்கள் பிணை' என்று வாக்குக் கொடுத்து, அவன் காவலுக்கு வைத்திருந்த வாளையும் வாங்கிக்கொண்டு, இருவரையும் ஒரே வீட்டில் தங்கவைக்கிறார்கள். காலையில் அவன் பிணம். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்ந்தார்கள். அந்த இடமென்று ஒரு மண்டபமும், அருகே சாட்சி பூதேசுவரர் கோயிலும் இன்றும் இருக்கின்றன. பழையனூர் வெறும் கற்பனை ஊருமல்ல. ராஜேந்திர சோழன் தன் ஆறாம் ஆட்சியாண்டில் அதைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது.

இந்தக் கதையை நாம் சொல்லிவந்திருக்கும் முறையில்தான் எனக்குச் சண்டை. வாக்குத் தவறாத எழுபது பேருக்கு மண்டபம். சரி, கொடுக்க வேண்டியதுதான். நீலிக்கு நாம் கொடுத்தது என்ன? 'நீலிக் கண்ணீர்' என்று ஒரு வசவு. பொய்யாக அழுகிறவளையெல்லாம் அவள் பெயரால் அழைக்கிறோம். அவள் அழுததில் எது பொய்? அவன் அவளுடைய கணவன்தான். அவன் அவளைக் கைவிட்டவன்தான். கைவிட்டது மட்டுமா, கொன்றவன். குழந்தை ஒன்றுதான் பொய், அதுவும் கள்ளிக் கொம்பு. உயிரோடு இருந்த காலத்தில் அவள் முறையிட்டிருந்தால் எழுபது பேர் கூடியிருப்பார்களா என்பது வேறு விஷயம். அவளுக்குச் சபை கிடைத்தது செத்த பிறகு. அப்போதும் சபை சொன்ன தீர்ப்பு, கொன்றவனோடு குடித்தனம் நடத்து என்பதுதான். சம்பந்தர் பாட்டும் இதை ஒரு பெண்ணின் வஞ்சனையாகவே குறிக்கிறது. அதைக் கேட்டு அஞ்சும் ஊராகப் பழையனூரைக் காட்டுகிறது. ஏழாம் நூற்றாண்டிலேயே அந்த ஊருக்கு அச்சம் விட்டபாடில்லை. வழக்குத் தீராத இடத்தில் அச்சமும் தீராது போலும்.

நீலிக்கு வாய் கொடுத்தவர் ஒரே ஒருவர். 'நீலகேசி'யை எழுதிய பெயர் தெரியாத சமணப் புலவர். சுடுகாட்டில் தவம் செய்யும் முனிவரைப் பயமுறுத்தப் பழையனூர் நீலியை வரவழைக்கிறார்கள். அவர் அஞ்சவில்லை. அவள் அவரிடமே பாடம் கேட்டு, ஊர் ஊராகப் போய்ப் பிற மதத்தாரோடு வாதம் செய்கிறாள். முதலில் வாதுக்கு நிற்பவள் குண்டலகேசி; தன்னை மலையிலிருந்து தள்ளப் பார்த்த கணவனை முந்திக்கொண்டு தள்ளிவிட்டவள்! இந்த இரண்டு பெண்களையும் எதிரெதிரே உட்காரவைத்த புலவருக்குக் கை கொடுக்கலாம். ஆனால் அவருக்குத் தத்துவம் முக்கியம், நமக்குக் கதை முக்கியம். பேயைப் பண்டிதையாக்கியதில் அவள் பழைய காயம் ஆறிவிட்டதா, மறைந்துவிட்டதா என்று எனக்கு விளங்கவில்லை.

இக்காலத்தில் இந்த விஷயத்தைப் புரிந்துகொண்டு எழுதியவர் புதுமைப்பித்தன். 1943-இல் வந்த 'காஞ்சனை'யில் பாழடைந்த மண்டபம் கிடையாது. பிச்சை கேட்டு வந்தவளை மனைவியே வேலைக்காரியாக வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான், வாசற்படி தாண்டியாயிற்று. தமக்குப் பேயில் நம்பிக்கை இல்லை, பயம் மட்டும் இருக்கிறது என்ற பொருளில் அவர் சொல்லியிருப்பது பலருக்கும் ஞாபகம் இருக்கும். விளையாட்டாகச் சொன்னதென்று நினைக்கிறோம். கதையின் இலக்கணமே அதில் இருக்கிறது. நம்பிக்கையைப் பற்றி எழுதினால் வாதம் வரும். பயத்தைப் பற்றி எழுதினால்தான் கதை வரும். ஆனால் அவருடைய பேய்க்கும் நீலிக்கு இருந்ததுபோல் ஒரு கணக்கு இருந்ததா என்று கேட்டால், அவர் சொல்லாமலே விட்டுவிட்டார். அது அவர் வழி. மற்றவர்கள் அதைக் காப்பியடித்துச் சொல்லாமல் விடும்போது, சொல்ல ஒன்றுமில்லை என்பதே தெரிகிறது.

தீபாவளி மலருக்குப் பேய்க்கதை கேட்டு ஆசிரியர்கள் கடிதம் போடும்போது, நம்மில் யாராவது பழையனூருக்கு ஒரு டிக்கெட் வாங்கலாம். நான் படித்த நீலி கதைகளில் சபையில் நடந்த பேச்செல்லாம் இருக்கிறது. பிணையும் வாளும் குழந்தையும் இருக்கின்றன. விடிந்ததும் கதவைத் திறந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கதவு சாத்தியதற்கும் திறந்ததற்கும் நடுவே, அந்த ஒரு இரவில் கணவனும் மனைவியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.