பீர்பால் சாஹ்னியின் தொல்தாவர உள்ளமைப்பு ஆய்வுகள்: ஒரு மதிப்பீடு

பீர்பால் சாஹ்னி (14 நவம்பர் 1891 – 10 ஏப்ரல் 1949) இந்தியத் தொல்தாவரவியலை நிறுவிய அறிஞர். கல்லாக மாறிய தாவரங்களின் உள்ளமைப்பை நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்து, அழிந்துபோன தாவரக் குழுக்களின் உறவுமுறையை விளக்க முயன்றவர். வில்லியம்சோனியா சீவர்டியானா, ஹோமோசைலான், பென்டாக்சிலே ஆகியவை பற்றிய இவருடைய ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகத் தாவரவியல் பட்டப்படிப்பில் இடம்பெற்றுள்ளன. இவற்றில் எவை இன்றும் நிலைத்து நிற்கின்றன, எவை திருத்தப்பட்டன, அவ்வாறு நேர்ந்ததன் காரணம் என்ன என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பின்புலம்

சாஹ்னி இன்றைய பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். லாகூரில் பட்டம் பெற்றபின் 1911இல் கேம்பிரிட்ஜ் சென்று இம்மானுவேல் கல்லூரியில் பயின்றார். அங்கு தொல்தாவரவியல் அறிஞர் ஏ. சி. சீவர்டிடம் ஆய்வுப் பயிற்சி பெற்றார். மாணவப் பருவத்திலேயே லோசனின் தாவரவியல் பாடநூலை இந்திய மாணவர்களுக்கு ஏற்றவாறு திருத்தியமைக்கும் பணியில் பங்கேற்றார். 1921இல் லக்னோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறைப் பேராசிரியரானார். 1936இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்வு பெற்றார்.

இவருடைய தொடக்க கால ஆய்வுகளில் ஒரு பகுதி உயிருள்ள தாவரங்களைப் பற்றியது. டாக்சஸ் என்னும் ஊசியிலை மரத்தின் விதை அமைப்பை ஆராய்ந்து 1920இல் வெளியிட்ட கட்டுரையில், டாக்சஸும் அதன் உறவுத் தாவரங்களும் கூம்புத் தாவரங்களிலிருந்து பிரித்து வைக்கத்தக்கவை என்று கருதி, டாக்சேல்ஸ் என்னும் தனித் தொகுதியை முன்வைத்தார். சுவீடன் அறிஞர் ஃபிளோரினும் 1948இல் வேறு சான்றுகளைக் கொண்டு இத்தாவரங்களைத் தனியே பிரித்தார். மரபணு ஒப்பீடுகள் வந்தபின் டாக்சஸ் குடும்பம் கூம்புத் தாவரங்களுக்குள்ளேயே அடங்கும் என்பது உறுதியாயிற்று. சாஹ்னி விதையில் கண்ட வேறுபாடு உண்மையானதே. ஆனால் அதிலிருந்து அவர் வந்த முடிவு நிலைக்கவில்லை. இவருடைய பிற்கால ஆய்வுகளை மதிப்பிடும்போதும் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

கல்லுக்குள் திசுக்களைக் காணும் முறை

தாவரத் தொல்லெச்சங்கள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. பாறை அடுக்குகளுக்கிடையே அழுந்திய இலை தன் வெளிவடிவத்தைக் காட்டும். ஆனால் உள்ளே இருந்த திசுக்களைப் பெரும்பாலும் காட்டாது. சிலிக்கா கரைந்த நீர் செல்களுக்குள் ஊடுருவிப் படிந்து கல்லான தாவரத்தில் செல் சுவர்கள், குழிகள், கதிர்கள் ஆகியவை அப்படியே காணப்படும். இவ்வகைக் கல்லை மெல்லிய வில்லையாக அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்தால் நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

இம்முறைக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு வெட்டிலும் கல்லின் ஒரு பகுதி தூளாகிப் போகும். தவறான கோணத்தில் வெட்டினால் அந்த மாதிரியில் மீண்டும் அதே இடத்தைக் காண இயலாது. குறுக்குவெட்டு, ஆரவெட்டு, தொடுவெட்டு ஆகிய மூன்றும் இருந்தால்தான் கட்டையின் அமைப்பு முழுமையாகத் தெரியும். ஆகவே இத்துறையில் கைத்திறனும் பொறுமையும் கோட்பாட்டறிவுக்கு இணையாகத் தேவைப்படுகின்றன. சாஹ்னியின் விவரிப்புகளில் இவ்விரண்டும் தெளிவாக வெளிப்படுகின்றன.

மற்றொரு இடர் பெயரிடுதலில் உள்ளது. தொல்தாவரத்தின் தண்டு ஓரிடத்திலும் இலை வேறிடத்திலும் விதை மற்றோரிடத்திலும் கிடைக்கும். இவை ஒரே தாவரத்தின் உறுப்புகள் என்று தெரியாத நிலையில் ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப் பேரினப் பெயர் சூட்டப்படும். சிதறிய இவ்வுறுப்புகளை மீண்டும் ஒரே தாவரமாக இணைப்பதே சாஹ்னி மேற்கொண்ட முதன்மைப் பணி எனலாம்.

வில்லியம்சோனியா சீவர்டியானா

அன்றைய பீகாரிலும் இன்றைய ஜார்கண்டிலும் அமைந்துள்ள ராஜ்மகால் குன்றுகளில் எரிமலைக் குழம்புப் பாறைகளுக்கிடையே தாவரப் படிவுகள் உள்ளன. அங்கு கிடைத்த கல்லான மாதிரியை ஆராய்ந்து 1932இல் வில்லியம்சோனியா சீவர்டியானா என்னும் இனத்தைச் சாஹ்னி விவரித்தார். இனப்பெயர் அவருடைய ஆசிரியரைச் சிறப்பிக்கிறது. பக்லாண்டியா என்னும் தண்டு, டைலோஃபில்லம் என்னும் இலை, வில்லியம்சோனியா என்னும் இனப்பெருக்க உறுப்பு ஆகியவற்றை இணைத்து முழுத் தாவரத்தின் மீட்டுருவாக்கப் படத்தையும் அளித்தார். சைகஸ் போன்ற தோற்றமும் இலையடித் தழும்புகள் நிறைந்த தண்டும் கொண்ட அப்படம் பின்னர் பாடநூல்கள் பலவற்றில் இடம்பெற்றது.

உறுப்புகளை இணைக்க வெளித்தோற்றத்தை மட்டும் நம்பாமல் உள்ளமைப்பு ஒற்றுமையையும் நாடியது இவ்வாய்வின் வலிமை. பாடநூல்கள் அதைக் கையாண்ட விதம் அவ்வளவு சிறப்பானதல்ல. மீட்டுருவாக்கப் படம் என்பது சான்றுகளிலிருந்து ஆய்வாளர் கட்டியெழுப்பிய கருத்து. அதில் எந்தப் பகுதி கல்லில் கண்டது, எந்தப் பகுதி ஊகித்து நிரப்பியது என்று மூல ஆய்வைப் படிப்பவரால் பிரித்தறிய முடியும். படத்தை மட்டும் பார்க்கும் மாணவர் அதை நிழற்படம் போல் எடுத்துக்கொள்வார். இக்குறைக்குச் சாஹ்னி பொறுப்பல்லர் எனினும், அவருடைய பணியை மதிப்பிடுவோர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஹோமோசைலான்: ஒரு கட்டையின் கதை

அதே 1932இல் ராஜ்மகால் கட்டை ஒன்றை ஹோமோசைலான் ராஜ்மகாலென்ஸ் என்னும் பெயரில் சாஹ்னி வெளியிட்டார். அதில் சைலக்குழாய்கள் இல்லை. டிரக்கீடுகள் மட்டுமே இருந்தன. டிரக்கீடுகளின் சுவரில் ஏணிப்படி போன்ற குழிகள் காணப்பட்டன. டிரைமிஸ், டிரோக்கோடென்ட்ரான், டெட்ராசென்ட்ரான் ஆகிய இன்றைய பூக்கும் தாவரங்களிலும் சைலக்குழாய்கள் கிடையாது. அவற்றின் கட்டையோடு ஒப்பிட்ட சாஹ்னி, இது சைலக்குழாயற்ற ஆஞ்சியோஸ்பெர்ம் கட்டை என்று கருதினார். கட்டுரையின் தலைப்பிலேயே இக்கருத்து இடம்பெற்றது.

இம்முடிவின் எடை பெரிது. ராஜ்மகால் படிவுகள் அப்போது ஜுராசிக் காலத்தவை என்று கருதப்பட்டன. அக்கால அளவில் ஒரு பூக்கும் தாவரத்தின் கட்டை கிடைத்திருக்குமானால், டார்வின் காலம் முதல் விடைகாணப்படாத கேள்வியான ஆஞ்சியோஸ்பெர்ம்களின் தோற்றத்துக்கு இந்தியாவிலிருந்து ஒரு விடை கிடைத்ததாகும்.

ஆனால் 1952இல் ஷூ ஜென், எம். என். போஸ் ஆகியோர் கூடுதல் மாதிரிகளை ஆராய்ந்தனர். தண்டின் நடுப்பகுதி, முதல்நிலைச் சைலம் ஆகியவற்றின் அமைப்பு பென்னட்டிட்டேல்ஸ் என்னும் ஜிம்னோஸ்பெர்ம் தொகுதியை நோக்கிச் சுட்டியது. வில்லியம்சோனியா சேர்ந்த தொகுதியும் அதுவே. ஹோமோசைலான் என்ற பெயர் ஏற்கெனவே வேறொரு கட்டைக்குச் சூட்டப்பட்டிருந்ததால், 1954இல் இக்கட்டைக்குச் சாஹ்னியோசைலான் என்னும் புதுப்பெயர் இடப்பட்டது. இவ்வாறு அறிஞரின் பெயர் கட்டைக்கு வைக்கப்பட்டு அவர் சிறப்பிக்கப்பட்டார்.

இங்கு நேர்ந்த பிழையின் தன்மையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டிரக்கீடுகள், குழிகள், கதிர்கள் பற்றிய சாஹ்னியின் விவரிப்பு செல்லாததாகிவிடவில்லை. இரண்டாம் நிலைக் கட்டையின் பண்புகளை மட்டும் கொண்டு ஒரு தாவரத்தின் உறவைத் தீர்மானித்ததுதான் பிழை. ஒன்றுக்கொன்று தொலைவான குழுக்களிலும் கட்டை ஒரே வகையாக அமையக்கூடும். சைலக்குழாய் இல்லாமை என்பதும் ஓர் உறுப்பின் இன்மையே ஆதலால், உறவுக்கு அது வலுவான சான்றாகாது. ராஜ்மகாலில் பென்னட்டிட்டேல்ஸ் தண்டுகள் இருப்பதை அதே ஆண்டில் சாஹ்னியே விவரித்திருந்தார் என்பதை நோக்கும்போது, மாற்று விளக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது எனலாம்.

பென்டாக்சிலே

ராஜ்மகால் குன்றுகளில் உள்ள நிபானியா என்னும் சிற்றூரின் சிலிக்காப் பாறையில் கிடைத்த தாவரங்களைப் பி. பி. ஸ்ரீவஸ்தவா முதலில் ஆராய்ந்தார். பென்டாக்சிலான் என்னும் தண்டும் கார்னோகோனைட்ஸ் என்னும் விதைக்கூம்பும் அவ்வாய்வில் இடம்பெற்றன. நிப்பானியோஃபில்லம் என்னும் பட்டை வடிவ இலையையும் இவற்றுடன் சேர்த்து, 1948இல் பென்டாக்சிலே என்னும் புதிய ஜிம்னோஸ்பெர்ம் தொகுதியைச் சாஹ்னி நிறுவினார்.

பென்டாக்சிலான் தண்டின் குறுக்குவெட்டில் பெரும்பாலும் ஐந்து கட்டைக் கூறுகள் வட்டமாக அமைந்திருக்கும். ஒவ்வொரு கூறுக்கும் தனிக் கேம்பியம் உண்டு. கட்டை எல்லாப் பக்கமும் வளர்ந்தாலும் தண்டின் மையத்தை நோக்கியே மிகுதியாக வளர்ந்துள்ளது. கட்டையின் செறிவு கூம்புத் தாவரங்களை நினைவூட்டும். இலை நரம்பின் அமைப்பு சைகஸ் வகையை ஒத்திருக்கும். சதைப்பற்றுள்ள வெளியுறை கொண்ட விதைகள் காம்பின்றி நெருங்கி, முசுக்கட்டைப் பழம் போன்ற கூம்பாக அமைந்திருக்கும்.

இத்தகைய கலப்புப் பண்புகளைக் கண்டபோது சாஹ்னி 1932இல் செய்ததைச் செய்யவில்லை. ஒரு பண்பைப் பற்றிக்கொண்டு அறிந்த தொகுதி ஒன்றில் தாவரத்தைப் பொருத்தாமல், தண்டு, இலை, விதை மூன்றையும் எடைபோட்டு, எந்தத் தொகுதியிலும் அடங்காது என்று தனியே நிறுத்தினார். பதினாறு ஆண்டுகளில் அவருடைய ஆய்வு முறை அடைந்த முதிர்ச்சியை இது காட்டுகிறது.

இவ்வாய்விலும் ஐயத்துக்கு இடம் இல்லாமல் இல்லை. உறுப்புகளின் இணைப்பு பெரும்பாலும் உள்ளமைப்பு ஒற்றுமையையும் ஒரே பாறையில் சேர்ந்து கிடைத்ததையும் சார்ந்திருந்தது. ஒரே குளத்தங்கரையில் இரண்டு மரங்களின் இலைகள் உதிர்ந்து கலக்கலாம். சேர்ந்து கிடப்பது மட்டும் உறவாகாது. ஆயினும் பிற்கால ஆய்வுகள் பெரும்பாலும் சாஹ்னியின் பக்கம் நின்றன. 1953இல் விஷ்ணு மித்ரே ஆண் உறுப்பை விவரித்து அதற்குச் சாஹ்னியா என்று பெயரிட்டார். 1962இல் டி. எம். ஹாரிஸ் நியூசிலாந்திலிருந்து கார்னோகோனைட்ஸ் இனம் ஒன்றை வெளியிட்டார். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் இத்தொகுதி கண்டறியப்பட்டது. கடல் கடந்த நிலங்களிலும் அதே வகை இலைகளும் விதைக்கூம்புகளும் சேர்ந்தே கிடைத்தது, இணைப்பு தற்செயல் அல்ல என்பதற்குச் சான்றாகும்.

காலக் கணிப்பு மட்டும் மாறியுள்ளது. சாஹ்னியின் கட்டுரைத் தலைப்பு இவற்றை ஜுராசிக் காலத் தாவரங்கள் என்கிறது. ராஜ்மகால் எரிமலைப் பாறைகளின் வயது கதிரியக்க முறையில் சுமார் 11.7 கோடி ஆண்டுகள் எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஆகவே இவை முற்கிரீத்தேசியக் காலத்தைச் சேர்ந்தவை. இன்றும் சில குறிப்பேடுகளில் பழைய காலக் கணிப்பே தொடர்வது திருத்தத்தக்கது.

மதிப்பீடு

சாஹ்னியின் ஆய்வுகளில் விவரிப்பு, இணைப்பு, உறவுமுறை என மூன்று படிகள் உள்ளன. கல்லில் கண்டதை விவரிக்கும் முதற்படி பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது. உறுப்புகளை இணைக்கும் இரண்டாம் படி பின்வந்த கண்டுபிடிப்புகளால் வலுப்பெற்றது. எந்தக் குழுவோடு உறவு என்று கூறும் மூன்றாம் படியே அதிகம் மாறியது. டாக்சேல்ஸிலும் ஹோமோசைலானிலும் நேர்ந்தது இதுதான். பென்டாக்சிலே எத்தொகுதிக்கு நெருக்கமானது என்பதும் இன்றுவரை முடிந்த முடிவாகவில்லை.

மாணவர்கள் இப்படிகளைக் கலந்து படிப்பதால் இரண்டு தவறுகள் நேர்கின்றன. ஒருசாரார் அறிஞர் கூறிய அனைத்தையும் உண்மை என்று மனப்பாடம் செய்கின்றனர். மற்றொரு சாரார் ஒரு முடிவு மாறியதும் முழு ஆய்வும் பயனற்றது என்கின்றனர். ஹோமோசைலான் கட்டையை ஷூ ஜென்னும் போஸும் மீண்டும் ஆராய முடிந்ததற்குக் காரணம், சாஹ்னி தாம் கண்டதைப் பிறர் சரிபார்க்கும் அளவுக்குத் துல்லியமாக எழுதி வைத்ததே. விவரிப்பு தெளிவாக இருந்தமையால் பிழையைக் கண்டறியவும் வழி பிறந்தது.

1949 ஏப்ரல் 3ஆம் நாள் லக்னோவில் தொல்தாவரவியல் நிறுவனக் கட்டடத்துக்கு ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். ஒரு வாரத்தில் சாஹ்னி மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அந்நிறுவனம் அவருடைய மாதிரிகளைக் காத்து வருவதோடு, அவருடைய முடிவுகளைத் திருத்தும் ஆய்வுகளுக்கும் களமாக விளங்கியது. தன் கருத்தை மறுபரிசீலனை செய்யத் தக்க சான்றுகளையும், அதைச் செய்யவல்ல மாணவர்களையும் விட்டுச் சென்றது அவருடைய பணியின் நிலைத்த பயன் எனலாம்.