சிலாக்கியமும் சாட்சியும்: வெளிநாட்டுப் பயண அறிக்கைகள் குறித்து ஒரு திறனாய்வு

வெளிநாடு சென்று திரும்பும் போதகர் சபைக்கு முன்பாகப் பேசும்போது, பெரும்பாலும் ‘சிலாக்கியம்’ என்னும் சொல்லோடு தொடங்குகிறார். பல நாடுகளைக் காணும் சிலாக்கியத்தைக் கர்த்தர் தந்தார் என்று நன்றியோடு கூறுகிறார். திருச்சபை இதழ்களில் வரும் பயணக் கட்டுரைகளும் பல வேளைகளில் இவ்வாறே தொடங்குகின்றன. நன்றி கூறுவதில் குறையில்லை. ஆனால் இச்சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் உள்ளன. கடவுள் அருளிய கொடை என்பது ஒன்று. பிறருக்குக் கிட்டாத வாய்ப்பு தமக்குக் கிட்டியது என்பது மற்றொன்று. முதற்பொருள் இரண்டாவதை மறைத்துவிடுமானால், பயணம் விசுவாசத்தைப் புதுப்பிப்பதற்குப் பதிலாகப் பயணியின் மேன்மையையே உறுதிப்படுத்தும். ஆகவே பயண அறிக்கை என்னும் எழுத்துவகையை இறையியல் நோக்கில் மதிப்பிடுவது தேவையாகிறது.

இதற்குரிய அளவுகோலை அப்போஸ்தலர் நடபடிகள் 10, 11ஆம் அதிகாரங்கள் தருகின்றன. யோப்பாவின் கடலோரத்தில் தோல் பதனிடும் சீமோனின் வீட்டில் தங்கியிருந்த பேதுரு, செசரியாவில் நூற்றுக்கு அதிபதியாகிய கொர்நேலியுவின் வீட்டுக்குச் செல்கிறார். செசரியா, ஏரோது பெரும் பொருட்செலவில் எழுப்பிய துறைமுக நகரம். எனினும் எருசலேமுக்குத் திரும்பிய பேதுரு சபைக்கு அளித்த அறிக்கையில் அந்நகரின் சிறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தாம் தீட்டென்று எண்ணியதைக் கடவுள் சுத்தமாக்கினார் என்று தம் மனம் திருத்தப்பட்டதை அவர் கூறுகிறார். தம்மை வரவேற்றவன் கூறியதை எடுத்துரைக்கிறார். கடவுளைத் தடுக்கத் தாம் யார் என்னும் முடிவைச் சபையின் முன் வைக்கிறார். அதைக் கேட்ட சபை தன் எல்லையை விரிவாக்கிக்கொள்கிறது. பயணி திருத்தப்படுதல், விருந்தளித்தோரின் குரல் ஒலித்தல், தாய்ச்சபை மாறுதல் ஆகிய மூன்றுமே நம் அளவுகோல். இதே யோப்பாவிலிருந்து கூலி கொடுத்துக் கப்பலேறிய யோனா, நினிவேக்குக் கிடைத்த இரக்கத்தைக் கண்டு இறுதிவரை எரிச்சலோடிருந்தான் என்பதையும் மறத்தலாகாது. இடம்பெயர்தல் தன்னளவில் மனந்திரும்புதல் ஆகாது.

நம் திருச்சபை வரலாற்றில் இவ்வளவுகோலுக்குப் பொருந்தும் பயணம் ஒன்றுண்டு. 1902இல் வே. சா. அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பொறுப்பில் அருட்பணி நடத்துவதைக் கண்டார். நற்செய்தியை அனுப்புவோர் மேலைநாட்டார், பெறுவோர் நாம் என்னும் பழக்கத்தை அக்காட்சி கேள்விக்குள்ளாக்கியது. மறு ஆண்டே திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. 1910இல் எடின்பரோ மாநாட்டில் பேசியபோது, மிஷனெரிகளின் தியாகத்தை மதித்துக்கொண்டே, இந்திய ஊழியரோடு அவர்களுக்குச் சரிநிகரான நட்பு இல்லாத குறையை அவர் வெளிப்படையாகச் சுட்டினார். தமக்குக் கிடைத்த மேடையை அங்கு வராத உடன் ஊழியருக்காகப் பயன்படுத்தினார் எனலாம்.

எதிர்த்திசையில் அமைந்தது பேராயர் லெஸ்லி நியூபிகினின் பயணம். அவர் 1936இல் இந்தியா வந்தவர். 1947இல் மதுரை-இராமநாதபுரம் பேராயரானவர். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயர். ஓய்வு பெற்றபின் மனைவியோடு சிறு மூட்டைகளுடன் பேருந்துகளில் தரைவழியாக இங்கிலாந்து திரும்பினார். ஒருகாலத்தில் திருச்சபை தழைத்திருந்த கப்பதோக்கியாவில் உடன் ஆராதிக்க ஒரு கிறிஸ்தவரும் கிடைக்கவில்லை என்பதை 1985இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்கிறார். கிறிஸ்தவ நாட்டில் பிறந்தோம் என்னும் சிலாக்கியம் எத்துணை நிலையற்றது என்பதை அந்த ஞாயிறு உணர்த்தியது. பின்னர் பர்மிங்காமின் சிறைச்சாலைக்கு எதிரே இருந்த சிறு சபையொன்றில் ஊழியம் செய்து, தம் தாய்நாட்டையே அருட்பணிக் களமாகக் கண்டார். நம் அளவுகோலின் முதற்கூற்றிலும் மூன்றாம் கூற்றிலும் அவர் நிறைவாகவே நிற்கிறார்.

இரண்டாம் கூற்றில்தான் நமக்குக் கேள்வி எழுகிறது. ‘1984இன் மறுபுறம்’ எனப் பொருள்படும் தலைப்பில் 1983இல் அவர் எழுதிய சிறுநூலில், இந்தியாவிலிருந்து இங்கிலாந்து வந்தபோது தாம் கண்ட பெருங்குறை நம்பிக்கை மறைந்துபோனதே என்கிறார். சென்னையின் சேரிகளில்கூட நிலைமை மேம்படும் என்னும் நம்பிக்கை இருந்ததாக ஒப்பிடுகிறார். ஐரோப்பாவின் தன்னிறைவைத் தகர்க்கும் வலிமையான வாதம் இது. ஆனால் இராயபுரத்திலோ எண்ணூரிலோ அமர்ந்து இதைப் படிக்கும் ஊழியருக்கு இது போதாது. இங்கே சேரி மக்கள் ஐரோப்பியருக்குப் பாடம் புகட்டும் எடுத்துக்காட்டாகவே வருகின்றனர். தாங்கள் எதை நம்பினார்கள், அது நிறைவேறிற்றா என்று கூற அவர்களுக்கு அப்பக்கங்களில் இடமில்லை.

அவர் பேராயராயிருந்த அதே ஆண்டுகளில்தான் வடசென்னையின் இன்றைய முகம் உருவாயிற்று. 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் மின்னாக்கத்தைத் தொடங்கியது. வேலை கிடைக்கும் என்னும் நம்பிக்கை உண்மையே. பலருக்கு வேலை கிடைத்ததும் உண்மையே. ஆயினும் அனல்மின் நிலையங்களின் சாம்பல் கழிமுகத்தில் படிந்தது. மீனவரின் வலை வெறுமையாயிற்று. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதியபோது கரையொதுங்கிய எண்ணெயை மனிதர் வாளிகளில் அள்ளினர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகத்தில் மீண்டும் எண்ணெய் கலந்தது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளைவிட்டு ஓடினர். அதன்பின் அவர்கள் தெருவில் அமர்ந்து நீதி கேட்டனர். அவர்களது நம்பிக்கை அமைதியான குணமாக இராமல், கோரிக்கையாக வெளிப்பட்டது. அதைப் பாராட்டும் பயணி அக்கோரிக்கையையும் சுமந்து செல்லாவிடில், ஏழையின் நம்பிக்கை செல்வர்க்கு ஆறுதலாக மாறிவிடும்.

இவ்விமரிசனம் நம்மையும் சாரும். நம் பயண அறிக்கைகளில் ஆலயங்களின் உயரமும் சாலைகளின் தூய்மையும் இடம்பெறுகின்றன. மாநாட்டு விடுதியைத் துப்புரவு செய்தவர் எந்நாட்டார் என்பது இடம்பெறுவதில்லை. அதைவிட முக்கியமானது, கடல் கடந்தோர் அனைவரையும் நாம் பயணிகளாகக் கருதுவதில்லை. 1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து ஏறத்தாழ 340 ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலுக்கு ஏற்றிச் சென்றது. அவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். அவர்களது பயணத்தைச் சிலாக்கியம் என்று எவரும் அழைக்கவில்லை. 2020இல் கொள்ளைநோயின்போது, ஒப்பந்தக் காலம் முடிந்தும் கரையிறங்க இயலாமல் உலகெங்கும் ஏறத்தாழ 4 இலட்சம் மாலுமிகள் கப்பல்களிலேயே சிக்கியிருந்தனர். பல நாடுகளைத் தொட்டும் எந்நாட்டையும் காணாத இவர்களது சாட்சி நம் திருச்சபை இதழ்களில் எங்கே?

வெளிநாட்டு வாய்ப்பு எல்லா ஊழியருக்கும் கிட்டாது; கிட்டாதவர் குறைபட வேண்டுவதுமில்லை. துறைமுக வாயிலுக்கு உலகமே வருகிறது. இராயபுரம், திருவொற்றியூர்ச் சபைகளில் பணிபுரியும் போதகர், கப்பலில் வேலை செய்து திரும்பிய சபையாரைத் தம் பிரசங்கத்திற்கு முன்பாகப் பேச அழைக்கலாம். வெளிநாடு சென்று திரும்புவோரோ, தம் அறிக்கையை எழுதி முடித்தபின் மூன்று வினாக்களை எழுப்பட்டும்: என் எந்த எண்ணம் அங்கே திருத்தப்பட்டது? என்னை ஏற்றுக்கொண்டவரின் குரல் இதில் ஒலிக்கிறதா? இதைக் கேட்கும் என் சபை எதை மாற்றிக்கொள்ள வேண்டும்? இவற்றுக்கு விடையில்லாத அறிக்கையை இன்னொருமுறை எழுதுவதே நலம்.