கொழுப்பும் குற்றிழையும்

கறம்பக்குடிப் பக்கம் குழந்தை ஆறு விரலோடு பிறந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். பெரும்பாலும் அது எந்த நோயையும் சேராத வெறும் விரல்தான். அதே பிள்ளைக்குப் பள்ளி வயதில் மாலைக்கண் வந்து, உடல் பருத்து, சிறுநீரகமும் தளர்ந்தால் கதை வேறு. 1920இல் பார்டெட்டும் 1922இல் பீடிலும் தனித்தனியே விவரித்த அந்த நோய்க்கு அவர்கள் இருவர் பெயரும் நிலைத்துவிட்டது. விரலுக்கும் விழித்திரைக்கும் பசிக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன உறவு என்ற கேள்வி மட்டும் எண்பது ஆண்டுகள் அப்படியே கிடந்தது.

பதில் 2003இல் வந்தது. நம் உடலின் பெரும்பாலான செல்களில் ஒற்றை மயிர்போல் நீட்டிக்கொண்டிருக்கும் முதன்மைக் குற்றிழையின் அடிப்பகுதியில்தான் கோளாறு என்று அந்த ஆண்டு ஓர் ஆய்வு காட்டியது. சில மைக்ரோமீட்டரே நீளமுள்ள இந்த இழையை ட்சிம்மர்மன் 1898இலேயே வரைந்துவிட்டார். ஆனாலும் பயனற்ற எச்சம் என்றே நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். கருவில் விரல்களின் எண்ணிக்கையையும் வரிசையையும் வகுக்கும் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞை எலிகளில் குற்றிழை இல்லாமல் நடக்காது என்று ஹுவாங்ஃபுவும் கேத்ரின் ஆண்டர்சனும் கண்டதும் அதே 2003இல்தான். கொலஸ்ட்ரால் குறைந்த செல்களுக்கு ஹெட்ஜ்ஹாக் சொல்வது சரியாகக் கேட்பதில்லை என்ற மூன்றாவது முடிவும் அந்த ஆண்டே வந்தது. என் கணக்கில் இந்த மூன்றில் ஆழமானது கடைசியாகச் சொன்னதுதான்.

கறம்பக்குடிக் கடைகளில் கடலை எண்ணெய் டின்னின் மேல் கொலஸ்ட்ரால் இல்லை என்று அச்சடித்திருக்கும். நிலக்கடலையில் சொல்லும்படியான கொலஸ்ட்ரால் என்றைக்கும் இருந்ததில்லை; அது விலங்குச் செல்களின் சரக்கு. பேச்சிலும் ஒருவனுக்குக் கொழுப்பு என்றால் ஏதோ அளவுக்கு மீறிவிட்டது என்றுதான் பொருள். குற்றிழையும் கொழுப்பும் சேரும் இந்தத் துறைக்குள் நுழைய அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட வேண்டும். இங்கே வேண்டிய இடத்தில் கொழுப்பு இல்லாமல் போவதே நோய். 1964இல் விவரிக்கப்பட்ட ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் நோயில் கொலஸ்ட்ரால் தயாரிப்பின் கடைசிப் படியில் ஒரு நொதி தவறுகிறது. பிறக்கும் குழந்தைக்கு இரண்டாம், மூன்றாம் கால்விரல்கள் ஒட்டியிருக்கும்.

ஹெட்ஜ்ஹாக் புரதமே தன் வாலில் கொலஸ்ட்ராலை ஒட்டிக்கொண்டுதான் செல்லைவிட்டு வெளியேறுகிறது என்பதை பிலிப் பீச்சியின் ஆய்வகம் 1996இல் காட்டியது. வாங்கும் செல்லில் நடப்பது இன்னும் வியப்பு. குற்றிழையில் பேட்ச்டு என்ற புரதம் காவல் இருக்கும்வரை ஸ்மூத்தண்டு என்ற இன்னொரு புரதம் அடங்கிக் கிடக்கும். ஹெட்ஜ்ஹாக் வந்து பேட்ச்டைப் பிடித்ததும் காவல் விலகும், ஸ்மூத்தண்டு இழைக்குள் திரளும். காவலாளி அடக்கப்பட்டவனைத் தொடுவதே இல்லை. தொடாமல் எப்படி அடக்குகிறது? ஸ்மூத்தண்டை எழுப்புவது கொலஸ்ட்ராலேதான் என்று 2016இல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் கண்டன. 2018இல் பேட்ச்டின் வடிவம் தெரிந்தபோது அதன் உடலுக்குள் கொலஸ்ட்ரால் போகத்தக்க ஒரு சுரங்கம் இருந்தது. சவ்விலிருந்து கொலஸ்ட்ராலை இறைத்து ஸ்மூத்தண்டைப் பட்டினி போடுகிறது என்பதே இன்று வலுவான விளக்கம். இறைக்க எந்த அயனி விசை கொடுக்கிறது, சோடியமா பொட்டாசியமா என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை.

ரஜத் ரோஹத்கி, அருண் ராதாகிருஷ்ணன் குழுக்களின் 2019ஆம் ஆண்டுக் கட்டுரை இதில் ஒரு நுட்பத்தைச் சேர்த்தது. சவ்விலுள்ள கொலஸ்ட்ரால் எல்லாம் கைக்கு எட்டுவதில்லை. ஸ்பிங்கோமையலின் என்ற லிப்பிடு ஒரு பங்கைப் பிடித்து வைத்திருக்கும். பெட்டியில் பூட்டிய பணத்துக்கும் மடியில் இருக்கும் பணத்துக்கும் உள்ள வேறுபாடு இது. ஸ்பிங்கோமையலினைக் குறைத்தால் மடிப்பணம் கூடுகிறது, சமிக்ஞையும் ஓங்குகிறது.

பாஸ்போஇனோசிடைடு என்ற இன்னொரு லிப்பிடுக் குடும்பம் வாசற்படிக் குறிபோல் வேலை செய்கிறது. இரண்டு பாஸ்பேட் கொண்டது இழையின் அடியில் நிற்கும். உள்ளே ஒரு பாஸ்பேட் கொண்டதுதான் நிறையும். ஐஎன்பிபி5இ என்ற நொதி ஒன்றைக் கழற்றிவிடுவதால் வரும் ஒழுங்கு அது. நொதி கெட்டால் இரண்டு பாஸ்பேட் உள்ளது இழைக்குள் பரவும், அதைப் பற்றிக்கொண்டு டல்ப்3 என்ற சுமைதூக்கியும், அது கொண்டுவரும் ஜிபிஆர்161 ஏற்பியும் குவியும், ஹெட்ஜ்ஹாக் மங்கும். இந்தச் சுமைதூக்கியின் வேலையைத் துலக்கியவர்களில் முக்கியமானவர் சைகத் முகோபாத்யாய். மூளை ஸ்கேனில் கடைவாய்ப்பல் போன்ற வடிவம் தெரியும் ஜூபெர்ட் நோய்க்கு இந்த நொதியின் பழுதும் ஒரு காரணம் என்று 2009இல் தெரிந்தது.

பார்டெட்-பீடிலுக்கு இங்கிருந்து வழி திரும்புகிறது. பிபிஎஸ் என்று சுருக்கிச் சொல்லும் அந்த நோயின் பெயரைத் தாங்கிய புரதங்கள் எட்டு சேர்ந்த பிபிசோம், வேலை முடிந்த ஏற்பிகளைக் குற்றிழையிலிருந்து வெளியே சுமக்கிறது. சவ்வின் மேல் ஓர் உறைபோலப் படிந்துதான் அந்த வேலையைச் செய்கிறது. அதன் உறுப்பு ஒன்று பாஸ்போஇனோசிடைடையே பற்றக்கூடியது. கண்ணில் ஒளியை வாங்கும் செல்லின் வெளிமுனை, உருமாறிப் பெருத்த குற்றிழைதான். சேரக்கூடாதவை அங்கே சேரச் சேர மாலைக்கண்.

சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்வாளர்கள் இந்தியக் குடும்பங்களில் பிபிஎஸ் மரபணுக்களை ஆராய்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் கால் பங்குக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடப்பவை. மாமன் மகளைக் கட்டும்போது ஒரே மூதாதையின் பழுதுபட்ட மரபணு இரு வழியாகவும் வந்து பிள்ளையிடம் சேர வாய்ப்பு கூடுகிறது. அப்படி இரண்டு பிரதியும் ஒன்றுபோல் இருக்கும் குரோமோசோம் பகுதியைத் தேடித்தான் ஆய்வாளர்களும் மரபணுவை அடைகிறார்கள். அந்தத் திரிபுகளை ஏந்திய செல்களில் குற்றிழைச் சவ்வின் லிப்பிடுகளை அளப்பதே அடுத்து நான் காண விரும்பும் ஆய்வு.

மாலைக்கண்ணோடு வரும் பருத்த பிள்ளையின் விழித்திரையைப் பார்த்த மருத்துவர், அடுத்து கையையும் காலையும் காட்டச் சொல்வார். பல பிள்ளைகளுக்கு ஆறாம் விரல் இருக்காது. கைக்குழந்தையாக இருந்தபோதே எடுத்திருப்பார்கள். சுண்டுவிரல் ஓரத்தில் சின்னத் தழும்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, சொந்தத்தில் கல்யாணமா என்று அம்மாவிடம் கேட்பார்.