பொன்னாடைக்கு அடுத்த நாள்

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய வயது. படுத்த படுக்கையாகிவிட்டவர்களின் வீடு தேடிப் போவார். புண்ணுக்கு மருந்து கட்டுவார், உடம்பு துடைத்துவிடுவார், எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பார். இதற்குச் சம்பளம் கிடையாது. சென்ற ஆண்டு ஒரு கல்யாண மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தோம். பொன்னாடை, சந்தன மாலை, கேடயம், வாசலில் அவர் படம் போட்ட ஃபிளெக்ஸ். மேடையேறிய எல்லாரும் அவரைத் தெய்வம் என்றார்கள். நானும் மனதாரச் சொன்னேன். மறுநாள் காலை அவர் வழக்கம்போல ஒற்றை ஆளாகப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்தேன். நாம் நன்றி சொல்லும் முறையில் எங்கோ பிசகு இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

பொன்னாடையை வெற்றுச் சடங்கு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஊரார் புண்ணைத் தொட்டுவிட்டு வந்து அடுப்படிக்குள் நுழையாதே என்று அந்த அக்காவின் மாமியார் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தவர். விழா முடிந்த வாரமே மேடைப் புகைப்படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியவரும் அவர்தான். வீட்டுக்குள் பேசிப் பேசி வாங்க முடியாத அனுமதியை ஊர் பார்க்கக் கிடைத்த மரியாதை வாங்கித் தந்தது. கூட்டத்தில் இருந்த மருந்துக்கடைக்காரர் கையுறையும் காஸ் துணியும் காசு வாங்காமல் தர ஆரம்பித்தார். பாராட்டுக்கு இந்தப் பலம் உண்டு. குறிப்பாக, பெண்கள் செய்யும் தொண்டை அவர்கள் வீடே வேலை என்று மதிக்காத இடங்களில், நாலு பேர் முன்னிலையில் போர்த்தும் ஒரு சால்வைக்குக் கனம் அதிகம்.

ஆனால் ஒருவரைத் தெய்வம் என்று சொன்ன கணமே அவர் செய்வது மனிதரால் ஆகாத காரியம் ஆகிவிடுகிறது. கும்பிட்டுவிட்டு நாம் விலகிக்கொள்கிறோம். மதுரை மாவட்டத்தில் களஞ்சியம் மகளிர் சேமிப்புக் குழுக்களை வளர்த்த சின்னப்பிள்ளையின் காலை 2001-ல் பிரதமர் வாஜ்பாய் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. அந்த அம்மா தனக்கு வீடு கிடைக்கவில்லை என்று சொன்னதாக 2024-ல் செய்தி வந்த பிறகுதான் மாநில அரசு வீடு தருவதாக அறிவித்தது. கால் தொட்டதில் பொய் இல்லை என்றே நம்புகிறேன். ஆனால் தலைக்கு மேல் கூரை இருக்கிறதா என்று இத்தனை வருடம் யாருக்கும் கேட்கத் தோன்றாத அளவுக்கு அந்தக் காட்சி நம் மனதை நிறைத்துவிட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தொண்டு செய்பவருக்குக் கிடைக்கும் மனநிறைவு. அது உண்மையானது, ஒளிக்க வேண்டியதும் இல்லை. என் அம்மா கடைசி நான்கு மாதம் படுக்கையில் இருந்தார். இடுப்புக்குக் கீழே கையகலத்துக்குப் படுக்கைப் புண். நாற்றம் தாங்காமல் அந்த அறைக்குள் உறவுக்காரர்கள் வருவதே நின்றுபோயிற்று. அக்கா வந்தார். உப்புநீரால் கழுவினார். டாக்டர் சொல்லியிருந்தபடி மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவி, காஸ் வைத்துக் கட்டினார். சில நாளில் நாற்றம் அடங்கியது. அத்தை மறுபடி கட்டிலோரம் உட்கார்ந்து அம்மாவிடம் ஊர்க்கதை பேசினார். அன்று அக்காவின் முகத்தில் தெரிந்த சந்தோஷம் மண்டபத்து மேடையில் தெரியவில்லை. அவருக்கான கூலி அந்தக் கட்டிலோரத்திலேயே கிடைத்துவிட்டது.

கொடுப்பவரின் நிறைவே குறியாகிவிட்டால் தொண்டு திரிந்துபோகும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோரச் சாலைகளில் பழைய துணி குவியல் குவியலாகக் கிடந்தது. அனுப்பியவர்களுக்கு அனுப்பிய திருப்தி. கரையில் இருந்தவர்களுக்கு அந்தத் துணி பயன்படவில்லை. அரிசிப் பையோடு ஆளை நிறுத்திப் படம் பிடிப்பதும் இதே நோய்தான். வாங்குகிறவர் அரிசிக்கு விலையாகத் தன் முகத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அக்கா நோயாளி யாரையும் படம் எடுக்க விடமாட்டார்.

ஒற்றை ஆளை உயர்த்தி வைக்காமல் தொண்டை ஊர்ப் பொதுக்காரியமாக்க முடியும் என்று காட்டியது கேரளம். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர்கள் ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலிநிவாரண சேவை சில ஆண்டுகளில் மலப்புரத்துக் கிராமங்கள்வரை பரவியது. வாரத்துக்கு 2 மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, டாக்டரும் நர்ஸும் துணை நிற்க, தங்கள் ஊர் நோயாளிகளை அவர்களே பார்த்துக்கொள்ளும்படி செய்தார்கள். 2008-ல் மாநில அரசு இதற்கெனக் கொள்கையே வகுத்தது. வாரம் 2 மணி நேரம் என்பதில்தான் இதன் சூட்சுமம் இருப்பதாக நினைக்கிறேன். தியாகி ஆகாமலே ஒருவர் உதவலாம். ஒருவர் சோர்ந்தால் அடுத்தவர் வருவார்.

அதே கேரளத்தில்தான் 2025 பிப்ரவரியில், வீடு வீடாகப் போய்ச் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா பணியாளர்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். அப்போது 7,000 ரூபாயாக இருந்த மாத மதிப்பூதியத்தை 21,000 ஆக்கு என்பது கோரிக்கை. அரசு ஏட்டில் அவர்கள் தன்னார்வலர்கள். 2022-ல் இந்தியாவின் 10 லட்சம் ஆஷாக்களை உலக சுகாதார நிறுவனம் விருது தந்து போற்றியது. ஆனால் தன்னார்வலர் என்று பெயர் வைத்துவிட்டால் சம்பளம் கேட்பதே நன்றிகெட்ட செயல்போலத் தோன்றச் செய்யலாம். 2 மணி நேரத்தைத் தானாகக் கொடுப்பது தொண்டு. நாள் முழுக்க, மேலிருந்து வரும் உத்தரவுப்படி செய்வது வேலை. வேலைக்குத் தரவேண்டியது கூலி. எத்தனை விருது கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது. இந்த இடத்தில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

அம்மா காரியம் முடிந்த பத்தாம் நாள் அக்கா வந்தார். காபி கொடுத்தேன். என்ன செய்தால் உங்கள் கடன் தீரும் என்று கேட்டேன். "அம்மாவுக்கு வாங்கின ஏர் பெட் சும்மாதானே கிடக்கு தம்பி? ரயில்வே லைன் பக்கம் ஒரு தாத்தாவுக்கு முதுகெல்லாம் புண்ணாயிருச்சு. குடுத்தா நல்லாருக்கும்" என்றார். மெத்தையைச் சுருட்டி, காற்றடிக்கும் மோட்டாரைத் துணிப்பையில் போட்டு ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினேன். அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். "தாத்தா கனமான ஆளு. புரட்ட இன்னொரு ஆள் வேணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்களுக்கு நேரம் இருக்குமா?" என்று வழியில் கேட்டார்.