பாட்டும் பட்டியலும்

காரில் பாட்டு வைத்துக் கேட்பது ஓர் இலக்கிய விஷயமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நூல்களை ஆராயவேண்டிய இப்பக்கங்களில் மோட்டார் வண்டியின் ஒலிப்பெட்டிக்கு என்ன வேலை என்று சிலர் முகஞ் சுளிக்கவுங் கூடும். ஆனால் இன்று நம்மவருள் பலர் தமிழ்ப் பாட்டைச் சந்திக்கும் இடம் புத்தக அலமாரியன்று; காரின் முன்பலகையே. அங்கே பாட்டுகள் எம்முறையில் அடுக்கப்பட்டிருக்கின்றனவோ, அம்முறையிலேயே அவை மனத்திலும் அடுக்கப்படுகின்றன. அடுக்கில் எவர் பெயருக்கு இடமில்லையோ, அவர் பெயர் நாளடைவில் நாவிலும் இல்லாது போகிறது. ஆகவே அவ்வடுக்கையும் ஒரு நூலாகவே கொண்டு, அதன் குணங்குற்றங்களை ஆராய்வது தகுமென்றே நாம் கருதுகிறோம்.

இவ்வெண்ணம் நமக்கு உதித்த இடம் உட்லண்ட்ஸ். 1924ஆம் ஆண்டு முறைப்படி திறந்துவைக்கப்பட்ட கடற்பாலம் சிங்கப்பூரையும் ஜோகூர்பாருவையும் இணைக்கும் அவ்விடத்தில், விடுமுறை நாட்களில் கார்கள் மணிக்கணக்கில் வரிசை பிடித்து நிற்பதைச் சிங்கைவாசிகள் நன்கறிவர். உட்லண்ட்ஸ் அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் தோழர் ஒருவருடைய காரில் நாமும் ஒரு நாள் அவ்வரிசையில் அகப்பட்டுக்கொண்டோம். வண்டி நகரவில்லை, பாட்டு மட்டும் ஒன்றன்பின் ஒன்றாய் நகர்ந்துகொண்டிருந்தது. உழைப்பாளியின் துயரைச் சொல்லும் பழைய படப்பாட்டு ஒன்று முடிந்ததும், பின்னிருக்கையிலிருந்த தோழரின் மகள், பள்ளியில் தமிழ் பயிலும் சிறுமி, "இதை எழுதினது யாருப்பா?" என்று கேட்டாள். தோழர் திரையை நோக்கினார். படத்தின் பெயர் ரோமன் எழுத்தில் இருந்தது. பாடியவர் பெயர் பாதி இருந்தது. எழுதியவர் பெயர் இல்லவேயில்லை. "தாத்தா இருந்திருந்தா சொல்லியிருப்பார்" என்று கூறி அவர் பேச்சை முடித்துக்கொண்டார்.

அப்பாட்டுகளெல்லாம் அவர் தந்தையார் சிராங்கூன் சாலைக் கடைகளில் வாங்கிச் சேர்த்தவை. முதலில் கேசட்டாகச் சேர்த்தார். பிறகு அவற்றையே சி.டி.யாகவும் வாங்கினார். கார் வாங்கிய காலத்தில் தோழர் அந்த சி.டி.க்களை ஒவ்வொன்றாக வண்டியின் பெட்டிக்குள் பதிந்துகொண்டு, வீட்டில் இடமின்மையால் வட்டுகளைப் பிறருக்குக் கொடுத்துவிட்டார். பெயர்கள் அச்சிட்ட உறைகளும் அவற்றோடு போயின. இப்போது வேறொரு நெருக்கடி நேர்ந்துள்ளது. சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுக்கே வழங்கப்படுகிறது. அக்காலம் முடிந்ததும் மேலும் பணம் செலுத்திப் புதுப்பிக்கவேண்டும். அன்றேல் வண்டியைப் பதிவிலிருந்து நீக்கவேண்டும். தோழரின் வண்டிக்கு இன்னும் சில திங்களே எஞ்சியுள்ளன. அவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் பாட்டை உள்ளே விடலாமேயன்றி வெளியே எடுத்தல் இயலாது. படியெடுப்பைத் தடுக்கும் பொருட்டு அங்ஙனம் அமைத்துள்ளனர். எனவே வண்டி போகும் நாளில் தந்தையார் சேர்த்த செல்வமும் போகும். எழுதியவர் பெயர் முன்னரே போயிற்று. இனிப் பாட்டும் போகவிருக்கிறது.

நிற்க. இப்பெட்டி பாட்டை எங்ஙனம் அடுக்குகிறது என்பதைச் சற்று நோக்குவோம். 1996ஆம் ஆண்டில், எம்.பி.3 என்னும் பாட்டுக் கோப்பின் இறுதியில் சிறு சீட்டொன்றை ஒட்டிவைக்கும் வழக்கம் தோன்றிற்று. ஐ.டி.3 என்பது அச்சீட்டின் பெயர். அதன் முழு அளவு 128 பைட். அதில் தலைப்புக்கு 30, 'ஆர்ட்டிஸ்ட்' என்பவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, வகைக்கு 1 என்று இடம் பங்கிடப்பட்டது. பாட்டை எழுதியவருக்கென்று ஒரு பைட்டும் ஒதுக்கப்படவில்லை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதும்; இன்று வழங்கும் யு.டி.எஃப்.-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். புள்ளிக்கும் துணைக்குறிக்குங்கூடத் தனித்தனியே மூன்று. எனவே 30 பைட்டில் பத்துக் குறிகளே அடங்கும். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் என்னும் பெயரை அங்கே எழுதினால் 'பட்டுக்கோட' என்றளவில் நின்றுவிடும். ஊரின் பெயரே முடியவில்லை. கவிஞரின் பெயர் தொடங்கவுமில்லை!

1998இல் வந்த இரண்டாம் முறை இக்குறையை நீக்கிற்று என்பதை மறைக்கமாட்டோம். அதில் இடத்தின் அளவு விரிந்தது. இசையமைத்தவருக்கு ஒரு கட்டம், பாட்டெழுதியவருக்கு ஒரு கட்டம் எனத் தனித்தனியே ஏற்பட்டன. தமிழெழுத்தில் எழுதவும் வழி பிறந்தது. ஆனால் பல கார்களின் திரை இன்றும் தலைப்பு, ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், வகை என்னும் பழைய நான்கையே காட்டுகிறது. கட்டம் இருக்கிறது, காட்டுவாரில்லை. காட்டுவாரில்லாமையால் நிரப்புவாருமில்லை. தமிழெழுத்துரு இல்லாத பெட்டியிலோ, தமிழ்ப்பெயர் வெறுஞ் சதுரங்களாகவே காட்சியளிக்கிறது. அதற்கஞ்சியே நம்மவர் ரோமன் எழுத்தைக் கைக்கொள்கின்றனர். இளையராஜா என்னும் ஒரு பெயரை ரோமன் எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகின்றனர்; பெட்டிக்கோ அவர் மூவர் நால்வர்! ஒருவருடைய பாட்டு நான்கு அறைகளில் சிதறிக் கிடக்கிறது.

தமிழில் எழுதினாலும் வரிசை சரியாக அமைவதில்லை. கணினியில் எழுத்துக்களுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில், 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது நற்செய்தியே. ஆயினும் அவ்வெண்வரிசை நம் நெடுங்கணக்கின் வரிசையன்று. இந்திய எழுத்துக்களுக்குப் பொதுவாக வகுக்கப்பட்டதோர் அடைவைத் தழுவியது. ய ர ல வ ழ ள ற ன என்று நாம் கற்றோம். அங்கேயோ ரகரத்தின் பின் றகரமும், லகரத்தின் பின் ளகரமும் ழகரமும், அவற்றின் பின் வகரமும் வருகின்றன. னகரம் நகரத்தின் பக்கத்தில் போய் அமர்ந்திருக்கிறது. ஆதலால் 'கலை'க்கு முன் 'கறி'யும், 'வழி'க்கு முன் 'வளி'யும் நிற்கக் காண்கிறோம். தமிழ் அகரவரிசைப்படி அடுக்கும் விதிகள் இன்று நல்ல கணினிகளில் உண்டு. மலிவான கார்ப்பெட்டிக்கு அக்கவலை இல்லை. யூ.எஸ்.பி.யில் செருகிய பென்டிரைவை எடுத்துக்கொண்டால், எழுத்து வரிசையையே கருதாது, எது முதலில் பதியப்பட்டதோ அதையே முதலில் பாடும் பெட்டிகளும் உள.

இவையெல்லாம் அயலார் குற்றம் என்று கூறித் தப்பித்துக்கொள்ள நாம் ஒருப்படோம். அயலார் தம் பாட்டுக்கென்று தைத்த சட்டை அது. அதில் தம் கவிஞனுக்கும் அவர் முதலில் பை வைக்கவில்லை. நம் வீட்டுக் குற்றம் அதனினும் பெரிது. இணையத்தில் இலவசமாய்க் கிடைக்கும் தமிழ்ப் பாட்டுக் கோப்புகள் பலவற்றில், ஆர்ட்டிஸ்ட் என்னுமிடத்தில் யார் பெயர் இருக்கிறது? அப்பாட்டை உரிமையின்றிப் பரப்பிய தளத்தின் பெயர்! உழுதவன் பெயரை அழித்துவிட்டுக் களவாடியவன் தன் பெயரை மூட்டையில் பொறித்துக்கொள்வதைப் போன்றதே இது. இனி, காசு கொடுத்து வாங்கிய தொகுப்புகளிலோ நடிகர் பெயரால் 'ஹிட்ஸ்' என்று தலைப்பிடுவது வழக்கமாயிற்று. 29 வயதில், 1959இல் மறைந்த பட்டுக்கோட்டையார் தொழிலாளிக்கும் விவசாயிக்கும் எழுதிய சொற்கள், வாயசைத்தவர் பெயராலேயே இன்று அறியப்படுகின்றன. 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்திற்காக டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல்களைப் பட்டியலில் தேடுங்கள். பட்டம்மாள் கிடைப்பார், படம் கிடைக்கும். பாரதியார் கிடைப்பது அரிது.

தமிழருக்கு அடுக்கத் தெரியாது என்று எவரேனும் எண்ணுவராயின், அவர்க்குப் பரிபாடலைக் காட்டுவோம். எழுபது பாடல்களாயிருந்து இன்று 22 பாடல்களே முழுமையாய் எஞ்சிய அந்நூலை 1918இல் உ.வே. சாமிநாதையர் அச்சிட்டு வெளியிட்டார். அதன் பாடல்களுள் பெரும்பாலானவற்றின் அடியில் மூன்று செய்திகள் காணப்படுகின்றன: பாட்டு இன்னாருடையது, இசை இன்னாருடையது, பண் இன்னது. கடுவன் இளவெயினனார் பாட்டுக்குப் பெட்டனாகனார் இசை வகுத்தார், பண் பாலையாழ் என்று எழுதிவைத்தவன் யாவனோ, அவன் ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதினான். அவனுக்குப் பைட் கணக்கும் இல்லை, திரையும் இல்லை. எழுதியவர் வேறு, இசைத்தவர் வேறு, இருவரும் பெயர் பெறத்தக்கவர் என்னும் நேர்மை இருந்தது. அந்த இசை மறைந்துவிட்டது. இசையமைத்தவர் பெயர் இன்றும் இருக்கிறது. பெயரைக் குறித்து வைத்ததன் பயன் இதுவே.

தேவாரத்தையும் இங்கே சான்றாகக் கூறலாம். பக்தி வேறு, அடைவு வேறு. நாம் பேசுவது அடைவைப் பற்றியே. அப்பதிகங்களைப் பண்வாரியாக அடுக்குவது பண்முறை. ஊர்வாரியாக அடுக்குவது தலமுறை. பாடுவோனுக்கு ஒன்று, பயணம் போவோனுக்கு மற்றொன்று. ஒரே தொகுப்பை இருவகையாலும் தேடலாம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இன்று காரில் பயணம் போகிறோம், பாட்டையும் கேட்கிறோம், ஆனால் ஐ.டி.3இன் முதற் பட்டியலிலிருந்த 80 வகைகளில் நம் பண்ணுக்கோ நாட்டுப்பாட்டுக்கோ இடமின்றி, 'சவுண்ட்டிராக்' என்றும் 'அதர்' என்றும் பெயர் பெற்று ஒதுங்கி நிற்கிறோம்.

பாட்டு இனித்தால் போதாதா, பெயர் எதற்கு என்று கேட்போர் உளர். சோறு ருசித்தால் போதும், உழவனை எதற்கு நினைக்கவேண்டும் என்பதும் இதே வாதந்தான். இனி, புளூடூத்தும் இணையச் செயலியும் வந்தபின் பெட்டியில் சேர்த்துவைப்பது பழங்கதை என்போரும் உளர். அது ஓரளவு உண்மையே. ஆயின் அங்கே அலமாரியே நம்முடையதன்று; இன்றிருக்கும் பாட்டு நாளை உரிமைப் பூசலால் இல்லாது போகலாம். எழுதியவர் பெயர் சில செயலிகளில் உண்டென்றாலும், அது நாலைந்து தொடுகைக்கு அப்பால் மறைந்துகிடக்கிறது. வண்டியின் திரைக்குப் பெரும்பாலும் வருவதில்லை. வண்டி ஓட்டுபவர் திரையைத் துழாவுவதும் ஆகாது. அஃது உயிருக்கே ஆபத்து. எனவே அடுக்கும் வேலை வீட்டிலேயே நடைபெறவேண்டும் என்பது தெளிவு.

அவ்வேலை யாதெனில், முதலாவது, பாட்டின் இருப்பிடம் வண்டியாக இருத்தல் கூடாது. மூலப்படி வீட்டில் இருக்கவேண்டும், வண்டியில் இருப்பது படியாக இருக்கவேண்டும். இரண்டாவது, சி.டி.யையோ கேசட்டையோ பிறருக்குக் கொடுக்குமுன் உறையைப் படமெடுத்து வைக்கவேண்டும். மூன்றாவது, எழுதியவருக்கென உள்ள கட்டத்தைக் கணினியில் நிரப்பவேண்டும். கார் அதைக் காட்டாதெனில், தலைப்பின் பின்னரே கவிஞர் பெயரைச் சேர்த்தெழுதினால் எந்தத் திரையும் அதை மறைக்கவியலாது. நான்காவது, கோப்பின் பெயருக்கு முன் 01, 02 என்று எண்ணிட்டு, அவ்வரிசையிலேயே பென்டிரைவில் பதியவேண்டும். ஐந்தாவது, தமிழெழுத்தைக் காட்டும் பெட்டிதானா என்று வண்டி வாங்கும்போதே கேட்கவேண்டும். 1965 முதல் குடியரசின் சட்டத்தால் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் நாட்டில், அக்கேள்வியைக் கேட்பதற்கு எவரும் கூசவேண்டியதில்லை. கேட்பவர் பெருகினாலன்றி விற்பவர் திருந்தார்.

தமிழ்ப் பாட்டு மேடையில் ஒலிக்கவேண்டுமென்று கிளர்ச்சி செய்து, 1943இல் தமிழ் இசைச் சங்கம் கண்டது நம் சமூகம். அன்று கேட்டது பாட்டுக்கு இடம். இன்று பாட்டுக்கு இடம் கிடைத்துவிட்டது. காரில், கைப்பேசியில், எங்கும் கிடைத்துவிட்டது. பாட்டை ஆக்கியோனுக்கு இடம் கேட்பதே எஞ்சியுள்ள வேலை.

உட்லண்ட்ஸ் தோழர் இப்போது மாலைதோறும் கார் நிறுத்துமிடத்துக்குச் சென்று, மகளுடன் வண்டியில் அமர்ந்து, பெட்டியிலுள்ள பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறார். பாட்டை வெளியே எடுக்க முடியாதெனினும் பட்டியலை எடுக்கலாமன்றோ? படத்தின் பெயரை அவர் எழுதுகிறார். எழுதியவர் பெயரைப் பழைய பாட்டுப் புத்தகங்களிலும் முதியோரிடத்தும் தேடி மகள் நிரப்புகிறாள். சென்ற வாரம் வரை பாதிக் கட்டங்களுக்குமேல் வெற்றிடமாகவே இருந்தன. வண்டி போகுமுன் அவற்றுள் எத்தனை நிரம்புமோ, அத்தனை பேர் நம்மிடம் எஞ்சுவர்.