யேலின் முகத்தைக் கசக்கலாமா?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்று 2006இல் முதுகலைப் பட்டம் பெற்றவர் டைட்டஸ் கஃபார். தன் நாட்டின் தொடக்ககாலத்தைச் சேர்ந்த பழைய படங்களை அதே பாணியில் திரும்ப வரைவார். பிறகு கிழித்தும், தார் பூசியும், கசக்கியும் அவற்றை வேறு கதை சொல்ல வைப்பார். தான் படித்த பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேலையும் அவர் விடவில்லை. 2016இல் வரைந்த அந்தப் படத்துக்கு ‘இனாஃப் அபவுட் யூ’ என்று பெயர் வைத்தார். ‘உன் கதை போதும்’ என்கிறது அது.

எலிஹு யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்தவர். 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். ஆகவே இந்தப் படத்தை எடைபோட நமக்கும் பாத்தியதை உண்டு.

கஃபார் எடுத்துக்கொண்ட மூலப்படம் 1719 வாக்கில் லண்டனில் வரையப்பட்டது. ஜான் வெரெல்ஸ்டின் கைவண்ணம் என்று கருதப்படுகிறது. யேலும் அவரைச் சேர்ந்த கனவான்களும் மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு கறுப்பினச் சிறுவன் மது பரிமாற நிற்கிறான். அவன் கழுத்தில் பூட்டிய உலோக வளையம். அவன் பெயர் யாருக்கும் தெரியாது.

கஃபாரின் படத்தில் கனவான்கள் இருந்த துணிப்பரப்பு முழுவதும் கசங்கிச் சுருண்டு கிடக்கிறது. சிறுவனின் முகம் மட்டும் தங்க நிறச் சட்டத்துக்குள் நிமிர்ந்து நிற்கிறது. கழுத்து வளையம் இல்லை. அவன் நம்மை நேராகப் பார்க்கிறான். ஓரத்தில் இருந்தவனை நடுவுக்குக் கொண்டுவருவது யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். பழைய ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தின் நிறமும் நுணுக்கமும் கஃபாரின் கையில் இருப்பதால்தான் அது இங்கே பலிக்கிறது. கசக்கிய துணியும் நன்றாக வரைந்த துணி. வரையத் தெரியாமல் கசக்கியிருந்தால் வெறும் கோபமாக நின்றிருக்கும். 2020இல் யேல் பிரிட்டிஷ் கலை மையம் மூலப்படத்தைச் சுவரிலிருந்து இறக்கி ஆய்வுக்கு எடுத்துக்கொண்டபோது, அந்த இடத்தில் சில காலம் கஃபாரின் படம்தான் தொங்கியது. பழைய மாணவர் ஒருவரின் படம் நிறுவனத்தைத் தன் சுவரையே திரும்பிப் பார்க்க வைத்தது சிறிய காரியம் அல்ல.

ஆனால் கசங்கிய பகுதிக்குள் எது போயிற்று? மேசையைச் சுற்றியிருந்த செல்வம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி போயிற்று. யேல் பணம் சேர்த்தது சென்னையில். வைர வியாபாரம் உட்படச் சொந்த வணிகத்தில். அவர் ஆளுநராக இருந்த ஆண்டுகளில் இந்தக் கரையிலிருந்து மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டதைக் கோட்டையின் பதிவேடுகளே சொல்கின்றன. 1690இல், செஞ்சியில் இருந்த மராட்டியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியதும் அவர் காலத்தில்தான். அந்தக் கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரமே எல்லை என்று வளைத்த கடலூர்ப் பக்கத்து ஊர்களுக்குக் குண்டுகிராமங்கள் என்று பெயர். எழுபது ஆண்டுகளில் கம்பெனியின் கை மேற்கே கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தியாகதுருகம் வரை நீண்டது. 1761இல் ஆங்கிலேயப் படை அங்குள்ள மலைக்கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தது. பிறகு தன் பெயரைத் தாங்கவிருந்த கல்லூரிக்கு 1718இல் யேல் அனுப்பிய சரக்குப் பொதிகளில் துணிகளும் இருந்தன. பொதிகளை விற்று வந்த 562 பவுண்டுதான் அவர் பெயரைக் கட்டடத்தில் ஏற்றியது.

ஒரே படத்தில் இவ்வளவையும் திணிக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாது. திணித்திருந்தால் சிறுவனின் பார்வை நீர்த்துப்போயிருக்கும். கஃபார் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்; அது சரியான தேர்வு. அதனால் சோழமண்டலக் கரை படத்தில் இல்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. குற்றவாளியின் முகமும் படத்தில் இல்லை என்பதுதான் குறை.

இதற்கு அளவுகோல் கஃபாரிடமே இருக்கிறது. 2014இல் அவர் வரைந்த ‘பிஹைண்ட் தி மித் ஆஃப் பெனவொலன்ஸ்’ படத்தில், அமெரிக்க அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் உருவப்படம் திரைச்சீலைபோல ஒரு பக்கமாக விலகித் தொங்குகிறது. பின்னால், ஜெஃபர்சனின் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸை நினைவூட்டும் ஒரு கறுப்பினப் பெண். அங்கே இருவரையும் பார்க்கிறோம். இவருக்கும் அவளுக்கும் என்ன கணக்கு என்ற கேள்வி படத்திலேயே நிற்கிறது. யேல் படத்தில் அந்தக் கணக்குப் புத்தகம் கசங்கிவிட்டது. சிறுவன் விடுதலையாகிறான், யேலும் தப்பிவிடுகிறார்.

ஓவியமாகப் பார்த்தால் ‘இனாஃப் அபவுட் யூ’ முதல் தரம். வரலாற்றுக்குத் தந்த பதிலாகப் பார்த்தால் ஜெஃபர்சன் படத்துக்கு ஒரு படி கீழே. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் நியூ ஹேவனில் முந்நூறு ஆண்டுகளாக யேல் புகழ் பாடிக் கேட்டவர்களுக்கு ‘போதும்’ என்று சொல்ல உரிமை உண்டு. கடலூரிலும் கள்ளக்குறிச்சியிலும் அந்தப் பேச்சு இன்னும் தொடங்கவே இல்லை. அந்த மீதிப் படத்தைக் கஃபாரிடம் கேட்பது நியாயமும் ஆகாது. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் தூரிகை பிடிக்கும் நம் மாணவர்கள் வரைய வேண்டியது அது. வரையும்போது கஃபாரின் துணிச்சலை எடுத்துக்கொள்ளட்டும். யேலின் முகத்தை மட்டும் கசக்காமல் விடட்டும். கணக்குக் கேட்க அந்த முகம் வேண்டும்.