கட்டுப்பாடு என்னும் சொல்

கதையும் கவிதையும் நாடகமுமே திறனாய்வுக்கு உரியன என்று எண்ணியிருப்போர் இவ்வாரம் நம்மைப் பொறுத்தருள வேண்டும். நாம் எடுத்துக்கொண்டிருக்கும் ஏட்டைப் புத்தகக் கடையிலும் காண முடியாது, நூலகத்திலும் காண முடியாது. பிள்ளை படிக்கும் வீடுகளிலே இருக்கும். பள்ளி நாட்குறிப்பின் முதற்பக்கங்களில், விடுமுறைப் பட்டியலுக்கு முன்னால், ‘மாணவர்க்கான விதிகள்’ என்று அச்சிட்டிருப்பார்களே, அந்த இலக்கியத்தைத்தான் சொல்கிறோம். நாட்குறிப்பு கொடுக்க வசதியற்ற பள்ளிகளில் அதுவே சுவரிலே எழுதப்பட்டிருக்கும், அல்லது காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாய்மொழியாக ஓதப்படும். நாவலைப் பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடலாம். இந்த ஏட்டை மூடிவைக்க ஆறு வயதுக் குழந்தைக்கு உரிமை இல்லை. அவ்வளவு அதிகாரம் படைத்த ஏட்டை ஒருவருமே திறனாய்வு செய்யாதிருப்பது முறையோ?

புரட்டிப் பார்ப்போம். நகம் வெட்டியிருக்க வேண்டும். முடி ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் தடவியிருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் இரட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் கட்டி வர வேண்டும். மருதாணி கூடாது, வளையல் கூடாது, வண்ணக் காலுறை கூடாது, தாமதம் கூடாது, வகுப்பிலே பேசக் கூடாது, ஓடக் கூடாது. கூடாது, கூடாது என்று முடியும் வாக்கியங்களை எண்ணிக்கொண்டே வந்தால் விரல் போதாது. இந்த வாக்கியங்களின் எழுவாயைத் தேடிப் பாருங்கள், தோழர்களே! எல்லா வாக்கியத்துக்கும் எழுவாய் குழந்தைதான். ஆசிரியர் இன்னது செய்யக் கூடாது என்று ஒரு வரி உண்டா? நிருவாகம் இன்னது செய்யக் கடமைப்பட்டது என்று ஒரு வரி உண்டா? பெரும்பாலான ஏடுகளில் இல்லை.

சட்டம் அப்படி ஒருதலையாக இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிக்கக் கூடாது, மனத்தால் துன்புறுத்தவும் கூடாது என்று கூறி, மீறும் ஆசிரியர் மீது பணிவிதிகளின்படி நடவடிக்கை எடுக்கவும் வழி செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 2003இல், கல்வி விதிகளில் அடிக்கு இருந்த இடம் நீக்கப்பட்டது. சட்டம் ஆசிரியரை நோக்கிச் சொன்ன ‘கூடாது’ மட்டும் நாட்குறிப்பில் ஏறாமல் போன விந்தை என்னவோ! குழந்தையின் நகத்துக்குக் கிடைத்த இடம் குழந்தையின் உரிமைக்குக் கிடைக்கவில்லை.

தூய்மைக்கு நாம் பகைவரல்லர். வாரிய தலையும் வெட்டிய நகமும் வேண்டாமென்று வாதிட வரவுமில்லை. சீருடையையோ இரு கை நீட்டி வரவேற்கிறோம். பண்ணையார் வீட்டுப் பிள்ளையின் பட்டுச் சட்டைக்குப் பக்கத்தில் பஞ்சைப் பிள்ளையின் கந்தல் வெட்கிக் கூனிக் குறுகக் கூடாது என்பதற்காகத்தானே காமராசர் ஆட்சிக் காலத்திலே ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை என்னும் ஏற்பாடு தழைத்தது! சமத்துவத்துக்காகத் தைக்கப்பட்ட சட்டை அது. அந்தச் சட்டைக்குள்ளே அதிகாரம் வந்து புகுந்துகொண்டதைத்தான் நாம் குறை கூறுகிறோம். முடி வளர்ந்திருக்கிறது என்று ஒரு சிறுவனைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி ஆசிரியரே கத்தரிக்கோலை எடுக்கும் செய்தியை எத்தனை முறை ஏடுகளில் படித்திருக்கிறோம்! முடி மறுபடி வளர்ந்துவிடும். நூறு பேர் பார்க்கத் தலைகுனிந்து நின்ற அந்தக் காலைப்பொழுது அவன் நெஞ்சைவிட்டு நீங்குமா? தோற்றத்தைப் பற்றிய விதி, தோற்றத்தைச் சொல்லி இழிவுபடுத்தும் உரிமையாக மாறிவிட்டது. சிரித்துக்கொண்டு நின்ற மற்றப் பிள்ளைகள் அன்று கற்ற பாடம் எது? ஒருவனைப் பலர் நடுவே அவமானப்படுத்தலாம், பெரியவர்களே செய்கிறார்கள் என்பதுதானே?

இரட்டைச் சடையைப் பற்றியும் ஒரு சொல். சடை இரண்டானால் படிப்பு இரட்டிக்கும் என்று எந்த ஆராய்ச்சியும் கூறியதாக நமக்குத் தெரியவில்லை. விடியற்காலையில் வயலுக்கோ ஆலைக்கோ ஓட வேண்டிய தாய், அதற்கு முன் பின்னி மடித்துக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் குற்றவாளி மகள். கூந்தலைக் கத்தரித்து வரலாம் என்ற எளிய மாற்று பெண் பிள்ளைக்கு உண்டா என்று கேட்டால், பல பள்ளிகள் விழிக்கும்.

இனி, நாம் தேடி வந்த இடம். குழந்தையைக் குழந்தை கொடுமைப்படுத்துவதைத் தடுக்க இந்த ஏடு என்ன சொல்கிறது? ‘சக மாணவர்களுடன் சண்டையிடக் கூடாது.’ தீர்ந்தது! சண்டை வேறு, கொடுமை வேறு என்று பகுத்தறியாத வரி இது. ஏறத்தாழ ஒத்த வலிமையுள்ள இருவர் மோதிக்கொண்டால் அது சண்டை. வலியவன் எளியவனைத் திரும்பத் திரும்ப, வேண்டுமென்றே துன்புறுத்தினால் அது கொடுமை. 1970களிலேயே நார்வே நாட்டில் பணியாற்றிய டான் ஓல்வியஸ் என்னும் உளவியலாளர் இந்த மூன்று அடையாளங்களையும் வரையறுத்துக் காட்டினார்: வேண்டுமென்றே செய்தல், திரும்பத் திரும்பச் செய்தல், வலிமையில் ஏற்றத்தாழ்வு. நம் ஏட்டில் இந்த மூன்றாவது அடையாளம் அறவே இல்லை. ஆகவேதான், அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே வரிசையில் முட்டி போடுகிறார்கள். நடுநிலைமையாம் அது! மானும் புலியும் சண்டையிட்டன, இருவருக்கும் தண்டனை என்று தீர்ப்பளிப்பதற்கு ஒப்பான நடுநிலைமை.

நம் நாட்டில் அந்த ஏற்றத்தாழ்வு உயரத்தாலும் பருமனாலும் மட்டுமா வருகிறது? கறுப்பி என்று அழைக்கப்படும் சிறுமி உண்டு. திக்கிப் பேசுவதைப் போலச் செய்து காட்டப்படும் சிறுவன் உண்டு. அப்பன் செய்யும் தொழிலையே பட்டப்பெயராகச் சூட்டப்பட்ட பிள்ளை உண்டு. எந்தத் தெரு என்ற கேள்வியிலேயே எட்ட நிறுத்தப்படும் பிள்ளை உண்டு. தெரு என்றால் திசையல்ல, சாதி என்பது இந்த நாட்டில் இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும்.

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம், சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாங்குளத்தில் நடந்ததை நினைவூட்டுகிறோம். சீருடை அணிந்த சின்னஞ்சிறு பிள்ளைகள் தின்பண்டம் வாங்கக் கடைக்குப் போனார்கள். தாழ்த்தப்பட்டோர் தெருப் பிள்ளைகள். கடைக்காரர் கொடுக்கவில்லை. உங்கள் தெருவினர்க்கு விற்கக் கூடாதென்று ஊரில் முடிவாகிவிட்டது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பினார். அதைப் படமும் பிடித்துப் பரப்பினார்கள். கட்டுப்பாடு என்றால் என்ன என்று பிள்ளைகள் விளங்காமல் கேட்கும் குரலும் அதில் கேட்டது. காவல்துறை வழக்குப் பதிந்தது, கைது செய்தது, கடையை மூடி முத்திரையிட்டது. ஆயினும் நமக்கு உறைத்தது அந்த ஒரு சொல். கட்டுப்பாடு! கடமையோடும் கண்ணியத்தோடும் சேர்த்து நம் இளைஞர்கள் உயிரெனப் போற்றும் சொல். அதே சொல்லைக் கொண்டுதான் ஊர் தீண்டாமையைக் காக்கிறது, அதே சொல்லைக் கொண்டுதான் பள்ளி பிள்ளையின் தலைமுடியை அளக்கிறது. தன்னைத் தானே ஆளுவதற்குப் பெயர் கட்டுப்பாடா, பிறனை அடக்குவதற்குப் பெயர் கட்டுப்பாடா என்பதைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கத்தானே பள்ளிக்கூடம் இருக்கிறது?

பிரித்துச் சொல்லாததன் விளைவு மணிக்கட்டிலே தெரிந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி எனச் சாதிக்கொரு நிறமாக மாணவர் கையில் கயிறு கட்டப்படுவதை, 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநரின் சுற்றறிக்கையே எடுத்துச் சொல்லி, அத்தகைய பள்ளிகளைக் கண்டறிந்து தடுக்கப் பணித்தது. என்ன நடந்தது? சமயத்தின் மீது கைவைப்பதா என்று சிலர் கூச்சலிட, அன்றைய அமைச்சர் பழைய நிலையே தொடரும் என்று அறிவித்துவிட்டார். கயிறு நிலைத்தது. 2022இல் நெல்லை மாவட்டத்தில் கயிற்றை முன்னிட்டு எழுந்த மோதலில் ஒரு மாணவன் உயிர் போயிற்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளியில் சாதி ஆணவத்தைப் பொறுக்காமல் முறையிட்ட மாணவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள்.

அதன் பிறகே ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 2024 சூனில் அளிக்கப்பட்ட அவரது அறிக்கை, 600 பக்கங்களுக்கு மேற்பட்டது. பள்ளி விதி என்னும் இலக்கிய வகையில் தமிழ்நாடு கண்ட தலைசிறந்த நூல் இதுவே என்று நாம் தயங்காமல் சொல்வோம். வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றை விலக்குவது, அகர வரிசையில் அமர வைப்பது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியாதபடி செய்வது, பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதி அடையாளத்தை நீக்குவது என்று பரிந்துரைகள் நீள்கின்றன. ஆசிரியர்க்கும் நடத்தை விதி வேண்டும் என்கிறது. எழுவாய் மாறியிருப்பதைக் கவனித்தீர்களா? இங்கே ஆசிரியரும் அலுவலரும் அரசும் எழுவாயாக வருகிறார்கள்.

நெற்றிக்குறி என்றதும் பதறினவர்களைப் பார்த்து நாம் கேட்கிறோம்: மருதாணி பூசிய கையோடு வந்த சிறுமி வெளியே நிறுத்தப்பட்டபோது நீங்கள் ஏன் பதறவில்லை? ரிப்பனின் நிறம்வரை பள்ளி ஆளலாம், சாதிக் கயிற்றின் நிறத்தை மட்டும் தொடக் கூடாதா? எல்லாக் கயிறும் சாதிக் கயிறல்ல, கோயிலில் கட்டியதும் உண்டு என்பர். உண்மை. ஆனால், எது எதுவென்று மணிக்கட்டைப் பிடித்து ஆராய்வது ஆசிரியர் வேலையாகிவிட்டால் அதுவே புதிய இழிவு. அனைவர் கையும் வெறுங்கையாய் இருப்பது அதனினும் நன்று.

அறிக்கையிடமும் நமக்கு ஒரு வழக்கு உண்டு. அறம் கற்பிக்கும் வாரம் ஒரு வகுப்பை அது ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கச் சொல்கிறது. பள்ளி நல அலுவலரை, மாணவர் தொகை 500க்கு மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கேட்கிறது. முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? பதினேழு வயதில் அரிவாள் எடுத்தவன் பதினேழு வயதிலா அந்தப் பாடத்தைக் கற்றான்? எந்தக் கையால் வாங்கித் தின்னக் கூடாது, யாரோடு ஒட்டி உட்காரக் கூடாது என்பதை எழுத்தறியும் முன்பே கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். 2023இல் கரூர் மாவட்டத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில், காலை உணவு சமைப்பவர் தாழ்த்தப்பட்டவர் என்பதற்காகப் பெற்றோர் சிலர் பிள்ளைகளை உண்ண விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் போய் உண்டு காட்ட நேர்ந்தது. 2022இல் ஈரோடு மாவட்டத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காகத் தலைமையாசிரியரே கைதானார். பிள்ளைக்குப் பிள்ளை செய்யும் கொடுமை என்று பேசுகிறோமே, இவற்றைப் பார்த்து வளரும் பிள்ளை வேறு எதைச் செய்யும்?

இது நேற்று முளைத்த நோயன்று. சாத்தாராவில் படித்த சிறுவன் அம்பேத்கர் தன் சாக்குத் துண்டைத் தானே வீட்டிலிருந்து சுமந்து வந்து தனியே உட்கார்ந்தார், பணியாள் வந்து ஊற்றினாலன்றித் தாகம் தீரவில்லை. 1922இல் தொடங்கப்பெற்று, தேசத்தின் பேரால் காங்கிரசு நிதியும் பெற்ற சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி நடந்தது. பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் அதை எதிர்த்து எழுப்பிய கிளர்ச்சி நாடறிந்தது. அங்கும் தனிப் பந்திதான் விதி. அதை மீறுவதுதான் ஒழுங்கீனம்!

பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தார் வகுத்த கீவா என்னும் திட்டம், கொடுமை செய்பவனையும் படுபவனையும் மட்டும் பார்ப்பதில்லை. சுற்றி நின்று பார்ப்பவர்களை முதலில் பார்க்கிறது. சிரிக்க ஆள் இல்லாவிட்டால் கொடுமைக்குப் பாதிச் சுவை போய்விடும் என்பது அதன் கணக்கு. நம் விதி ஏட்டில், பார்த்தவன் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. பட்டவன் யாரிடம் போக வேண்டும் என்றும் இல்லை. 14417, 1098 என்னும் உதவி எண்கள் உள்ளன, நல்லதே. மூன்றாம் வகுப்புக் குழந்தை தொலைபேசியைத் தேடி எடுத்து அந்த எண்ணைச் சுழற்றும் என்று எதிர்பார்ப்பதைவிட, அதே பள்ளியில், அதே தாழ்வாரத்தில், பெயர் சொல்லிப் போய் நிற்கத்தக்க ஓர் ஆசிரியை இருப்பது எவ்வளவு எளிது!

ஆண்டுதோறும் சூனில் பள்ளி திறந்ததும் இந்த விதிப் பக்கத்தின் அடியில் பெற்றோர் கையொப்பம் கேட்கப்படுகிறது. பெரும்பாலோர் படிக்காமலே போட்டுக் கொடுக்கிறார்கள். படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கிறார்கள். நம் தோழர்கள் தத்தம் ஊரில், தத்தம் தெருவில், அந்தப் பக்கத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டட்டும். கொடுமைப்படுத்தப்பட்ட பிள்ளை யாரிடம் முறையிடுவது, எத்தனை நாளில் விடை கிடைக்கும், முறையிட்டதற்காகப் பழிவாங்கப்பட்டால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுதித் தரும்படி தலைமையாசிரியரிடம் கேட்கட்டும். எழுதித் தந்த பிறகு கையொப்பம் இடலாம்.